அறந்தாங்கியின் சிரட்டை

1

சிங்கப்பூரில் நான் கப்பலிறங்கி நேற்றோடு பதினாறு வருஷம் முடிந்தது. யாரும் மாலை போடவில்லை. போடுவதற்கு நான் என்ன கவர்னரா? ஆனால் நேற்றுச் சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே அடுக்களைப் பக்கம் பார்த்தால், சுவரில் நான் அடித்து வைத்திருந்த ஆணியில் வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் கோப்பை தொங்குகிறது. காது வைத்தது, நீலப் பூப் போட்டது. முந்தின நாள்வரை அந்த ஆணியில் தொங்கியது வேறு.

அந்தக் கோப்பையைப் பற்றி நாலு வரி எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். எழுதப் போனால் ஒரு கள்ளுக்கடையைப் பற்றி எழுதாமல் முடியாது போலிருக்கிறது. ஊரில் இதை வாசிக்கிற என் மைத்துனர்மார், "அக்கரைக்குப் போனவன் குட்டிச்சுவராய்ப் போனான் பார்" என்று தலையில் அடித்துக்கொள்ளட்டும். பதினாறு வருஷத்தில் உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு கடுதாசி போடாதவர்களிடம் எனக்கு என்ன வெட்கம்?

நான் குடியிருப்பது சிரங்கூன் ரோட்டில், ஓர் அரிசிக்கடைக்கு மேலே, இரண்டு அறை. காலையில் எருமைகள் எழுப்பிவிடும். பிறகு சீனக் கஞ்சிக்காரன் மூங்கிலைத் தட்டிக்கொண்டு போவான். பிறகு டிராம் வண்டி கிறீச்சிடும். மகன் சுந்தரம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, "மார்னிங் அப்பா" என்பான். பத்தொன்பது வயசு, ஆற்றோரத்துக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. "சாப்பிட்டியா?" என்பேன். "லேட் ஆச்சு" என்பான். ஒரு நாளைக்கு எங்கள் வீட்டில் நடக்கிற சம்பாஷணை இவ்வளவுதான். ஒரே கூரையின் கீழே இரண்டு குடக்கூலிக்காரர்கள் இருக்கிற மாதிரிதான் இருக்கிறோம்.

2

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவன் அம்மா செல்லம்மாள் இந்த மண்ணுக்கு வந்த இரண்டாவது வருஷமே வாந்திபேதியில் போய்விட்டாள். அவனுக்கு அப்போது ஐந்து வயசு. பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க விட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் வாயில் தமிழ் ஒரு பிடி குறைந்துகொண்டே வந்தது. ரிக்ஷாக்காரனோடு மலாய், வாத்தியாரோடு இங்கிலீஷ், என்னோடு தலையசைப்பு என்று ஆகிவிட்டது. 'அப்பா' என்கிற ஒரு வார்த்தை மட்டும் தேயாமல் இருந்தது.

என் உத்தியோகம் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஓர் ஆபீஸில். துரை இங்கிலீஷில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். வந்தவன் தமிழில் அழுவான், நான் இங்கிலீஷில் எழுதுவேன். நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைப் பேசிவிட்டுச் சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் எனக்கென்று பேச ஒரு சொல் இருக்காது. கேட்கவும் ஆள் கிடையாது. தனிமை என்று சொல்கிறார்களே, அதை நான் கண்டது பானையில்தான். ஒருத்தனுக்கு மட்டும் சோறு வடிக்கத் தெரியாமல் தினமும் மிஞ்சும்.

அந்தக் காலத்தில்தான் ஆபீஸ் வேலையாகப் பொன்னையா அண்ணாச்சியின் கள்ளுக்கடைக்குப் போனேன். எருமைப்பட்டி இருக்கிற இடத்தை மலாய்க்காரர்கள் கண்டாங் கிர்பாவ் என்பார்கள். அதற்குப் பின்னால், ஓலைக்கூரை, மணல் தரை. உட்காரத் தென்னங்கட்டைகள். வாசலில் கால் கழுவ ஒரு பீப்பாய்த் தண்ணீர். உள்ளே புளித்த வாடையும் மீன் வறுக்கிற வாடையும். இருட்டுக்கு முன்பே கடையை மூடிவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் வெயில் சாயும்போதுதான் அங்கே கூட்டம்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். நான் கோட்டும் தலைப்பாகையுமாய்ப் போய் நின்றால், "வாங்க, எந்த ஊரு?" என்றார். பேரைக் கேட்கவில்லை. சாதியைக் கேட்கவில்லை. நாகப்பட்டினம் என்றேன். "அப்ப நாகப்பட்டினம் இங்கன நெழல்ல உக்காரட்டும்" என்றார். ரோட்டிலிருந்து கடை எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, கோட்டு இல்லாமல், யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு மறுபடி போனேன். ஏன் போனேன் என்றெல்லாம் கேட்காதீர்கள். அன்றைக்குச் செல்லம்மாளுக்குத் திதி கொடுத்துவிட்டு, சாப்பிட ஆளில்லாமல் காக்காய்க்கு வைத்துவிட்டு வந்திருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "நாகப்பட்டினம் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்து, சுவர் ஆணியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தார்.

"யாருது அண்ணாச்சி?"

"ஒங்களுதுதான். அன்னைக்கே தேச்சு மாட்டிட்டேன். நாகப்பட்டினத்துக்குச் செரட்டை வேண்டாமா?"

கடல் கடந்து வந்த பிறகு எனக்காக ஒருவர் ஒன்றை முன்கூட்டி எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கள்ளுக்கு நான் அடிமையானேன் என்றால் அது பொய். அந்த ஆணிக்குத்தான் அடிமையானேன்.

3

எங்கள் பக்கம் கொட்டாங்கச்சி என்போம். அந்தக் கடையில் சிரட்டை. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு சிரட்டை, கயிறு கோத்துத் தொங்கும். ஒருவன் சிரட்டையில் இன்னொருவன் குடிப்பதில்லை. ஒன்றில் சூட்டுக்கோல் அடையாளம், ஒன்றில் வெட்டு, ஒன்றில் நூல். ஊருக்குக் கப்பலேறுகிறவன் தன்னுடையதைக் கையோடு கொண்டுபோவான். இறந்துபோனவனுடையதை அண்ணாச்சி உடைத்து, மீன் வறுக்கிற அடுப்பில் போட்டுவிடுவார். அன்றைக்கு அந்த அடுப்பு அணைகிறவரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எல்லாரையும் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். தேவகோட்டை, கும்பகோணம், சிவகாசி. என்னோடு தனியாகப் பேசும்போது மட்டும், அவர் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு, 'பிள்ளைவாள்' என்பார். ஊரில் இருந்தால் ஒரு தெருவில் நடக்க முடியாதவர்கள் நாங்கள். அங்கே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். அவனவன் வாய் அவனவன் சிரட்டையில். அதனால் எவனும் எவனையும் கேட்கவேண்டிய கேள்வி எதுவும் இல்லாமல் இருந்தது. இது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த ரோட்டில் இன்னும் இரண்டு கள்ளுக்கடைகள் இருந்தன. பெஞ்சு போட்ட கடை ஒன்று. கிராமபோன் வைத்த கடை ஒன்று. மூன்றுக்கும் கள் வருவது ஒரே தென்னந்தோப்பிலிருந்து. ஆனாலும் நாற்பது பேர் அந்த இரண்டையும் தாண்டி, சேற்றை மிதித்துக்கொண்டு அண்ணாச்சியிடம் வருவார்கள். ஏனென்றால் மூடுகிற நேரத்தில் அவர் சுவரை ஒரு பார்வை பார்ப்பார். "சிவகாசி ரெண்டு நாளா வரல்லியே" என்பார். மூன்றாம் நாளும் சிரட்டை அசையாமல் இருந்தால், யாராவது ஒருவர் எழுந்து அந்த ஆளின் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். இது எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தால் பிழைத்தவன் நான். ஒரு மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். சுந்தரம் பள்ளிக்கூடத்தில். ஆபீஸில் லீவு என்று நினைத்திருக்கிறார்கள். எத்தனை நாள் கிடந்தேனோ, கதவு பிளக்கிற சத்தம் கேட்டது. எதிரே அறந்தாங்கி நின்றான்.

அறந்தாங்கி என்றால் வீரன். எருமை வண்டி ஓட்டிச் செங்கல் சுமப்பவன். கறுப்பு, குட்டை, சிரித்தால் முழுப் பல்லும் தெரியும். ஊரில் என் தெருவுக்குள் செருப்போடு வர முடியாத குடியில் பிறந்தவன். கடையில் முதல் நாள் என்னைச் 'சாமி' என்றான். அண்ணாச்சி, "இங்க சாமி யாருமில்லவே, கோயில் அந்தப் பக்கம்" என்று அதட்டிய பிறகு 'நாகப்பட்டணம்' என்று பழகிக்கொண்டான்.

"என்ன நாகப்பட்டணம், மூணு நாளா ஆளக் காணோம்? செரட்ட அப்படியே தொங்குது" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கி மடியில் சாய்த்தான். கடையிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறான். அவன் இடுப்பில் அவனுடைய சிரட்டை தொங்கியது. எருமைக் கழுத்து மணி, கறுப்பு மணி, ஒன்று அதன் கயிற்றில் கோத்திருக்கும். குடத்திலிருந்து அதில் மொண்டு என் வாயில் வைத்தான். குடித்தேன். மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தேன். தாகத்துக்கு என்ன தெரியும்?

4

சரி, இப்போது நான் செய்த கூத்தைச் சொல்லவேண்டும்.

ஒரு வருஷம் ஆபீஸில் புதுப் படிவம் அச்சடித்து வந்தது. கள்ளுக்கடைகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க நானே போய்ப் பார்த்துப் பூர்த்தி செய்து துரையிடம் வைக்கவேண்டும். கூரை என்ன, தரை என்ன, தண்ணீர் எங்கிருந்து என்று வரிசையாய் எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது கேள்வி, 'குடிக்கும் பாத்திரங்கள் எத்தனை, என்ன தினுசு?'

அங்கே என் பேனா நின்றுவிட்டது. தேங்காய் ஓடு என்று இங்கிலீஷில் எழுதி அதைத் துரை மேஜையில் வைக்க எனக்குக் கூச்சமாயிருந்தது. உங்கள் ஆட்கள் இன்னும் ஓட்டில்தான் குடிக்கிறார்களா என்று கேட்டுவிடுவாரோ? உங்கள் ஆட்கள்! அவர் கேட்கவேயில்லை. கேட்டுவிட்டதாக நானே நினைத்துக்கொண்டு நானே புழுங்கினேன்.

"அண்ணாச்சி, காலம் மாறுது. எனாமல் குவளை இருபத்துநாலு வாங்கிப் போட்டிருங்க. சுவருக்குச் சுண்ணாம்பு அடிங்க. நாலு பெஞ்சு போடுங்க. கடை கண்ணுக்கு லட்சணமா இருந்தா இன்னும் பத்துப் பேரு வருவாங்க" என்றேன்.

"ஆபீஸ்ல சொல்லுதாகளா?"

"ஆமா" என்றுவிட்டேன். துரை சொன்னது சுத்தமாக இருந்தால் போதும் என்பது மட்டும்தான். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

அண்ணாச்சி என்னை நம்பினார். சிரட்டைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றிச் சாக்கில் போட்டார். உயிரோடு இருப்பவன் சிரட்டையை உடைக்கக்கூடாதே, அதனால் சாக்கைக் கட்டிப் பின்பக்கம் வைத்தார். சுவரெல்லாம் ஆணித் துளை அடைத்துச் சுண்ணாம்பு. பெஞ்சில் வெள்ளைக் குவளைகள் நீல விளிம்போடு வரிசையாய் நின்றன. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு பிள்ளைவாள்" என்றார். குவளையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் பூர்த்தி செய்த படிவத்தைத் துரை புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று சாயந்திரம் ஒரு கட்டுக் காகிதத்தைக் கடற்கரைப் பெரிய ஹோட்டலுக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருந்தார். போனேன். அங்கே மதுக்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி, விசிறி, பித்தளை பளபளப்பு. துரை நுழைந்ததும் ஹைனான் தேசத்துச் சீனப் பரிசாரகர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். துரை உட்காருமுன் கிளாஸ் வந்துவிட்டது. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லையாம். துரையின் முகம் இளகியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆபீஸில் எட்டு வருஷமாய்ப் பார்க்காத முகம். வாசலில் கட்டோடு நின்றுகொண்டு, அடடா, இவருக்கும் ஓர் ஆணி இருக்கிறதே என்று நினைத்தேன். புத்தி வந்தது, கொஞ்சம் பிந்தி வந்தது.

5

முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். "என்ன அண்ணாச்சி, கட ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?" என்று தேவகோட்டை கேட்டான். இரண்டாம் நாள் சிவகாசி குவளையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல முன்னாடி யாரு குடிச்சது?" என்றான்.

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அந்தக் கடையில் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்ட பிறகு யாராலும் அதை மறக்க முடியவில்லை. ஒரே வாளியில் முக்கி எடுத்த குவளைகள், எது யார் வாய்பட்டது என்று யார் கண்டது? ஒருத்தன் தன் குவளைக்கு நூல் கட்டினான். இன்னொருத்தன் அதை அவிழ்த்தான். பெஞ்சுகள் நாலு, கூட்டங்களும் நாலாகப் பிரிந்தன. ஊர்ப் பெயர்கள் போய், ஊரில் விட்டுவிட்டு வந்த பெயர்கள் திரும்பி வந்தன. நான் சுத்தம் கொண்டுவந்தேன், தீட்டும் கூடவே வந்துவிட்டது.

மற்றவர்களைச் சொல்லி என்ன? ஒரு வெள்ளிக்கிழமை, அறந்தாங்கி எனக்கு எதிரே உட்கார்ந்து குடித்து முடித்தான். குவளை பற்றாக்குறை. அவனே அதைத் தண்ணீரில் அலசி அண்ணாச்சியிடம் நீட்டினான். அண்ணாச்சி அதிலேயே ஊற்றி என் கையில் கொடுத்தார்.

என் கை தானாகத் தோள் துண்டுக்குப் போயிற்று. விளிம்பைத் துடைத்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பிறகுதான் நிமிர்ந்தேன். அறந்தாங்கி பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால், ஏண்டா என்று கேட்டிருந்தால், காலில் விழுந்தாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவன் முகத்தில் கோபமே இல்லை. பழைய கதையைத் திரும்பக் கேட்பவன் மாதிரி தலையை ஆட்டினான். எழுந்தான். வேட்டியைத் தட்டினான்.

"வர்றேன் சாமி" என்றான்.

ஆறு வருஷம் என்னை நாகப்பட்டணம் என்று கூப்பிட்ட வாய். அன்றைக்கு நான் செத்திருக்கலாம். சாகவில்லை. கள்ளைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு அவன் கடைக்கு வரவில்லை. மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம். யாரும் போய்ப் பார்க்கவில்லை. சுவரில்தான் ஒன்றுமில்லையே! ஆட்கள் தினமும் ஒருவர் இருவராய்க் கழன்று, பாதிப் பேர் சீனச் சாராயம் விற்கும் சம்சுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வராதவன் எல்லாம் அங்கே போய்விட்டான் என்றுதான் கணக்கு. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை என்பதுதான் நிஜம்.

6

எருமைகளை விற்றுவிட்டு அவன் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்விட்டதாக ஒரு வண்டிக்காரன் சொன்னான். அடுத்த ஞாயிறு போகலாம், அதற்கடுத்த ஞாயிறு போகலாம் என்று நாலைந்து மாசம் ஓட்டினேன். கடைசியில் ஒரு நாள் அண்ணாச்சியிடம் போய், அறந்தாங்கியின் சிரட்டையைக் கொடுங்கள் என்றேன். கடையில் ஆறேழு பேர்தான் இருந்தார்கள். அவர் சாக்குக்குள் கையை விட்டு, பார்க்காமலே எடுத்தார். கறுப்பு மணி.

"கூட்டிட்டு வாங்க பிள்ளைவாள். மறுபடியும் ஆணி அடிச்சிருவோம். லைசென்சு போனாப் போவுது."

ரயிலேறிப் போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். துடைச்சது கை, மனசு இல்ல. அப்படிச் சொன்னால் நம்புவானா? நானே நம்பவில்லை. சரி, ஒன்றும் சொல்லவேண்டாம், இந்தச் சிரட்டையில் அவன் ஊற்றிக் கொடுத்தால் அவன் முன்னாலேயே குடித்துவிடுவோம், புரிந்துகொள்வான் என்று முடிவு செய்தேன்.

தோட்டத்துக் கங்காணி இளவயசுக்காரர், இங்கேயே பிறந்தவர், பேச்சுக்குப் பேச்சு ஒரு மலாய் 'லா' போடுகிறவர். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அறந்தாங்கிக்காரரா? வீரனா? அவரு போய்ச் சேந்துட்டாரு லா. ரெண்டு மாசம் ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"காய்ச்சல்தான். கடைசி ரூம்ல தனியா இருந்தாரு. காலைல பேர் கூப்புடுறப்ப வரல. டவுனுக்குக் குடிக்கப் போயிட்டாருன்னு நெனச்சோம். ரெண்டாம் நாளும் வரல. மூணாம் நாள் கதவத் தொறந்தா..." என்று நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

என்ன வேணும்? உறவா, சிநேகிதமா, சாதியா, என்ன சொல்ல?

"ஒரே கடைங்க" என்றேன்.

அவர் பாவம், புரிந்த மாதிரித் தலையாட்டினார். புதைத்த இடத்தைக் காட்டினார். ரப்பர் மரங்களுக்கு நடுவே மேடு கூட இல்லை, மழையில் கரைந்துவிட்டது. அங்கே நின்று ஓவென்று அழுதேன். செல்லம்மாளுக்கு அழுததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

அண்ணாச்சியிடம் சொன்னபோது சிரட்டையை வாங்க அவர் கை நீட்டவில்லை. "ஒடைச்சு அடுப்புல போடணும். நீங்களே செஞ்சிருங்க" என்றார். அடுத்த மாசம் கடையை மூடிவிட்டு, கிள்ளானில் இருக்கிற தம்பியிடம் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் ஒரு மரக்கடை.

7

என்னால் உடைக்க முடியவில்லை. வீட்டு அடுக்களைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்ததும் கோப்பி போட்டு அதில் ஊற்றிக் குடிப்பேன். துடைக்காமல் குடிப்பேன். யாருக்காக? பார்க்கவேண்டியவன் மண்ணுக்குள் இருக்கிறான்.

படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு வந்திருந்த சுந்தரம் முதல் நாள் கேட்டான். "என்ன அப்பா இது?"

"சிரட்டை."

"தெரியும் லா. எதுக்கு?"

"கோப்பி குடிக்க."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு வருஷமாய் அவ்வளவுதான்.

போன வாரம் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பதினாறு வருஷம் நெருங்குகிறதே என்ற துக்கமோ என்னவோ. இந்தச் சிரட்டை மூன்று நாள் அசையாமல் இருந்தால் இந்த வீட்டில் யாருக்காவது தெரியுமா? பார்த்துவிடுவோம் என்று அதைத் தொடாமல் விட்டேன். கோப்பியை வெளியிலேயே குடித்துவிட்டு வந்தேன். கிழட்டு வீம்பு. முதல் நாள் சுந்தரம் அதைத் தாண்டிப் போனான், வந்தான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டே ஏதோ இங்கிலீஷ் பாட்டை முனகினான். அடப்பாவி, நான் செத்துக் கிடந்தாலும் நீ பாலீஷ் போட்டுக்கொண்டுதானே போவாய் என்று உள்ளே வெந்தேன்.

நேற்று, நாலாம் நாள், வந்து பார்த்தால் ஆணியில் பீங்கான் கோப்பை. அடுக்களை முழுக்கப் புகை. சுந்தரம் கால்சராயோடு அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு ஊதிக்கொண்டிருந்தான். அவன் அடுப்பு மூட்டி நான் பார்த்ததில்லை.

"உக்காருங்கப்பா. கோப்பி போடறேன்."

"ஆணில இருந்தது எங்கடா?"

"அதுவா? டர்ட்டியா இருந்துச்சுப்பா, எறும்பு வேற. விறகு ஈரம், பத்தவே மாட்டேன்னுச்சு. அத ஒடச்சுப் போட்டேன். நல்லா எரியுது." ஊதுகுழலால் ஜன்னலைக் காட்டினான். "அந்த மணி மட்டும் எரியாதுல்ல, எடுத்து வச்சிருக்கேன்."

அடுப்பில் அறந்தாங்கியின் சிரட்டை சடசடவென்று எரிந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கத்தவேண்டும் போல் இருந்தது. கத்த வாயெடுத்தால் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணாச்சிதான் கண்ணுக்கு வந்தார். அவர் அன்றைக்கு என்னைப் பார்த்துக் கத்தவில்லை.

அடுப்பு அணைகிறவரை நான் எழுந்திருக்கவில்லை. சுந்தரம் கோப்பையைக் கழற்றி, கோப்பியை ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். பாகு மாதிரி இனிப்பு. மண்டி வேறு.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி."

அவன் முகம் மலர்ந்தது. ஐந்து வயசில் பார்த்த முகம். மண்டிவரை குடித்துவிட்டுக் கேட்டேன். "அத மாத்தணும்னு எப்படிடா தோணுச்சு?"

"மூணு நாளா நீங்க அதத் தொடவே இல்லியே" என்றான். தமிழ் வார்த்தைகளைத் தேடித் தேடிப் பொறுக்கினான். "மொத நாளு மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டாம் நாளும் எடுக்கல. ஃபீவரோன்னு பயந்துட்டேன். காலைல நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நெத்தியத் தொட்டுப் பாத்தேன், சுடல. மூணாம் நாளும் எடுக்கல. சரி, அது புடிக்காமப் போச்சுன்னு புதுசு வாங்கியாந்தேன்."

"தெனமும் பாப்பியா?"

"என்ன கேள்விப்பா? போறப்ப வர்றப்ப பாப்பேன். அது ஈரமா இருந்தா நீங்க வந்து கோப்பி குடிச்சாச்சுன்னு தெரியும்."

அவன் பூட்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் ஜன்னலில் இருந்த மணியை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன்.

இன்று காலை எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் ஆணியிலிருந்து கோப்பையை எடுத்து, அரைக் கோப்பை கோப்பி குடித்து, கழுவி, துடைக்காமல், தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் கண்ணில் படும்படி மாட்டிவிட்டு வந்தேன்.